பாதி இறக்கிய ஷட்டர்

இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் தெரு மளிகைக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். உள்ளே நிற்கிற நாலைந்து பேருக்குச் சாமான் கட்டுவது நிற்காது. புதிதாக யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் மட்டும், "காலையில வாங்கண்ணே" என்று பதில் வரும். கடைசி ஆள் பையோடு வெளியே வந்த பிறகுதான் ஷட்டர் தரையைத் தொடும்.

தொலைபேசி நிறுவனங்களின் சர்வர்களும் இப்படித்தான் கடையைச் சாத்துகின்றன. ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்காக எக்ஸ்.731 என்றொரு தரநிலையை வகுத்திருக்கிறது. அதன்படி நிர்வாகி ஒரு கருவியைத் திறந்து வைக்கலாம், பூட்டி வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே 'மூடிக்கொண்டிருக்கிறது' என்ற நிலையிலும் வைக்கலாம். அந்த நடுநிலையில் இருக்கும் சர்வர், ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சைக் கடைசிவரை காப்பாற்றும். புது அழைப்புகளை ஏற்காது. அவற்றைப் பக்கத்து சர்வர் வாங்கிக்கொள்ளும். கடைசி அழைப்பும் முடிந்ததும் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகே பொறியாளர் அதன்மேல் கை வைப்பார்.

இது நடப்பது பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில். நம் ஊர்த் தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் இதை 'நைட் ஆக்டிவிட்டி' என்பார்கள். அது எப்படி நடந்தது என்று மறுநாள் யாரும் கேட்காவிட்டால், வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். அப்படிக் கேட்கப்படாமல் போன வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த சர்வர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அலைபேசி என்றதும் நமக்குக் கோபுரம்தான் நினைவுக்கு வரும். கோபுரத்தின் வேலை, ரேடியோ அலையைப் பிடித்து உள்ளே அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் அம்மாவின் எண்ணை அழுத்தியதும், அந்த அழைப்பை என்ன செய்வது என்று முடிவெடுப்பது அப்ளிகேஷன் சர்வர். 4ஜி வழியே பேசும் வோல்ட்டி அழைப்பில் அழைப்பவர் பக்கம் ஒன்றும், அழைக்கப்படுபவர் பக்கம் ஒன்றுமாக இரண்டு சர்வர்கள் இதைப் பார்க்கின்றன. உங்கள் எண்ணிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச அனுமதி உண்டா? அம்மா வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தால் 'கால் வெயிட்டிங்' ஒலிக்க வேண்டுமா? அவர் எடுக்காவிட்டால் எத்தனை விநாடி பொறுத்து அண்ணன் எண்ணுக்குத் திருப்ப வேண்டும்? (இந்தப் பொறுமையை 5 விநாடியிலிருந்து 30 விநாடிவரை, ஐந்தைந்தாக மாற்றி வைத்துக்கொள்ளலாம்.) இத்தனை கேள்விக்கும் கண் சிமிட்டுவதற்குள் பதில் தயாராக வேண்டும்.

இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசும் மொழிக்கு சிப் என்று பெயர். இன்று புழங்கும் வடிவம் 2002ஆம் ஆண்டு ஜூனில் வெளியானது. அதில் எண்களே பதில்கள். 180 என்றால் அங்கே மணி அடிக்கிறது. 200 என்றால் எடுத்துவிட்டார். 486 என்றால் வேறு பேச்சில் இருக்கிறார். 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று ஒரு பெண் குரல் சொல்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அந்த 486தான்.

நாம் கவனிக்காத மாற்றங்களும் இந்த சர்வர்களில்தான் நடக்கின்றன. நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி, நம் அழைப்புகளை எல்லாம் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்ட மோசடிக்காரர்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த வகைக் குறியீட்டால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உத்தரவு ஒரு காகிதம்தான். அதை நிறைவேற்ற ஒவ்வொரு நிறுவனத்திலும் யாரோ சர்வருக்குள் நுழைந்து, வேறு எதுவும் கெடாமல், அந்த ஒரு வசதியை மட்டும் அணைக்க வேண்டியிருந்தது.

தொலைபேசித் துறை மற்ற கணினித் துறைகளைவிடக் கறாரானது. 1965இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சக்கசன்னா என்ற சிற்றூரில், கணினி நிரலால் இயங்கும் 1இ.எஸ்.எஸ். என்ற தொலைபேசி நிலையத்தைத் திறந்தார்கள். அதை வடிவமைத்த பெல் ஆய்வகப் பொறியாளர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்கு: நாற்பது ஆண்டில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இன்று துறையில் 'ஐந்து ஒன்பது' என்பார்கள். 99.999 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும்; அதாவது ஓராண்டில் ஐந்தேகால் நிமிடம் நிற்கலாம். ஆனால் நிரலைப் புதுப்பிக்க வேண்டும், டிஸ்க்கை மாற்ற வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஓடுகிற பேருந்துக்கு டயர் மாற்றுகிற வேலை. பாதி ஷட்டர் பிறந்தது இந்த நெருக்கடியில்தான்.

தினசரி வேலை என்று பார்த்தால், பெரும்பகுதி வீட்டு வேலை போன்றது. காலையில் வந்ததும் அலாரம் பட்டியல். அலாரங்களுக்குத் தர வரிசை உண்டு: மிகக் கடுமை, பெரிது, சிறிது, கடைசியில் வெறும் எச்சரிக்கை. முதல் வகை வந்தால் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் எழுந்து ஓடுவார். நிர்வாகியின் தரம் தெரிவது அந்தக் கடைசி வகையில்தான் என்று நினைக்கிறேன். டிஸ்க் 80 விழுக்காடு நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை மூன்று வாரமாக மஞ்சள் நிறத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்ற பதிவு எழுதப்படுகிறது. பில் போடும் கணினி அந்தக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போகாவிட்டால் அவை அங்கேயே குவியும். நூறை எட்டினால் அடுத்த பதிவை எழுத இடமிருக்காது. அப்போது அழைப்பை இலவசமாக விடுவதா, தடுப்பதா? இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்காத நிறுவனத்தில், அன்றிரவு பணியில் இருக்கும் இளைஞரின் தலையில்தான் அது விழும்.

அடுத்தது கடிகாரம். பேச்சு தொடங்கியதை ஒரு சர்வரும் முடிந்ததை இன்னொரு சர்வரும் பதியும்போது, இரண்டின் நேரமும் பிசகினால் தொடங்குமுன்பே முடிந்துவிட்ட அழைப்புகள் கணக்கில் வந்து நிற்கும். பிறகு, ஆவி அழைப்புகள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போனில் சார்ஜ் தீர்ந்து, 'முடிந்தது' என்ற செய்தி வந்து சேராமல் போவதுண்டு. சர்வரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அதனால் குறித்த கால இடைவெளியில் 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு சிப் மொழியில் சேர்க்கப்பட்டது. பதில் வராவிட்டால், பந்தியில் ஆள் எழுந்துவிட்ட இலையைப் போல அதை எடுத்துவிடலாம். பேக்கப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பும் நிர்வாகி என் கண்ணுக்குப் பொறுப்பானவராகத் தெரியவில்லை.

இனி, ஜப்பானுக்குப் போவோம். 2022 ஜூலை 2, சனிக்கிழமை. கே.டி.டி.ஐ. அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனங்களில் ஒன்று. டோக்கியோவின் மேற்கே தாமா என்ற இடத்திலுள்ள அதன் மையத்தில், நள்ளிரவு தாண்டி ஒரு ரவுட்டரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. திட்டமிட்ட, வழக்கமான பராமரிப்பு. அதிகாலை 1.35க்குப் பாதையை மாற்றியதும் குரல் அழைப்புகளின் ஒரு பகுதி போய்ச் சேரவில்லை. பொறியாளர்கள் தயங்கவில்லை. செய்ததை அப்படியே திருப்பி, பதினைந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாடப் புத்தகம் சொல்வதும் அதைத்தான்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்த நிறுவனத்தின் வோல்ட்டி போன்கள் ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்ளும். அப்போதுதான் அழைப்பு வந்தால் எங்கே அனுப்புவது என்று தெரியும். கோடிக்கணக்கான போன்கள் ஐம்பது நிமிடத்தில் பரவலாகப் பதிவதால் எந்த நொடியிலும் நெரிசல் இருக்காது. பதினைந்து நிமிடம் வழி அடைபட்டதும், அந்த நேரத்தில் பதிய வேண்டியவை எல்லாம் தோற்று, மறுபடி மறுபடி முயலத் தொடங்கின. வழி திறந்ததும் மொத்தமாகப் பாய்ந்தன. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த நொடியில், ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போவதைக் கிராமத்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். நடந்தது அதேதான். குரல் சேவையைக் கையாளும் கருவிகள் திணறின. அந்தத் திணறல், சந்தாதாரர்களின் விவரம் இருக்கும் தரவுத்தளத்துக்குத் தாவியது. இரண்டிலும் உள்ள தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. பொருந்தாத போன் மறுபடி பதிய முயன்றது. நெரிசல் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டது.

வரும் செய்திகளைக் குறைத்துப் பார்த்தார்கள். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துப் பார்த்தார்கள். சனி போய், ஞாயிறு போய், திங்கள்கிழமைதான் உள்நோய் பிடிபட்டது. குரல் சேவைக்கான பதினெட்டுக் கருவிகளில் ஆறு, தரவுத்தளத்துக்குத் தேவையில்லாத செய்திகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஆறையும் துண்டித்த பிறகே மூச்சு வந்தது. நிறுவனத்தின் கணக்கில் தடங்கல் நீடித்தது 61 மணி 25 நிமிடம். பாதிக்கப்பட்டோர் மூன்று கோடிக்கும் மேல். வானிலை ஆய்வு மையத்துக்கு வர வேண்டிய அளவீடுகள் சில இடங்களிலிருந்து வரவில்லை. சரக்கு ரயில்கள் தாமதமாயின, சில ஏ.டி.எம்.கள் நின்றன, பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. போலீசையும் ஆம்புலன்சையும் அழைக்க முடியாமல் தவித்தவர்கள் இருந்தார்கள். தலைவர் மகோட்டோ தகஹாஷி செய்தியாளர் முன்னே தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். பின்னர் வாடிக்கையாளர்களுக்குத் தலைக்கு 200 யென் கழித்தார்கள்.

அந்த மாத இறுதியில் காரணம் வெளிவந்தது. ரவுட்டர் வேலைக்கான செய்முறைக் குறிப்பில் புதியது, பழையது என்று இரண்டு இருந்தன. அன்றிரவு கையில் எடுத்தது பழையதை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஒருவரின் கவனக்குறைவு' என்று தாண்டிப் போவது எளிது. இரண்டு பிரதிகளும் எடுக்கக்கூடிய இடத்திலேயே இருந்தது யார் குற்றம்? துறையில் எம்.ஓ.பி. என்று ஓர் ஆவணம் உண்டு. எந்தக் கட்டளையை எந்த வரிசையில் தர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வர வேண்டும், எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு மனித மூளை புதிதாகச் சிந்திக்காது என்பதை ஏற்றுக்கொண்டு, பகலில் சிந்தித்து எழுதி வைப்பதுதான் அது. அந்தக் காகிதம் பழையதானால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைக் காக்க வேறெதுவும் இல்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பொறியாளர்கள் திரும்பியது சரியான முடிவு, அதையும் விரைவாகச் செய்தார்கள். ரவுட்டர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெளியே ஏராளமான போன்களின் நிலை மாறியிருந்தது. அவற்றைத் திருப்ப எந்தக் கட்டளையும் கிடையாது. ஆகவே நல்ல எம்.ஓ.பி.யில் 'திரும்புவது எப்படி' என்பதோடு, 'திரும்பிய பிறகு வாசலில் நிற்கும் கூட்டத்தை எப்படி உள்ளே விடுவது' என்ற பக்கமும் வேண்டும். கூட்டத்தைக் கண்ட கடைக்காரர் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்க மாட்டார். அரையடி தூக்கி, நாலு பேரை விட்டு, மறுபடி நாலு பேரை விடுவார்.

வழக்கமான வேலையைத் தப்பாகச் செய்தால் அது ஒரு கதை. செய்யவே மறந்தால் இன்னொரு கதை. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் இணையச் சேவை விடியும் முன்பே நின்றது. அதன் வலையமைப்பை நம்பியிருந்த மற்ற நிறுவனங்களையும் சேர்த்தால் மூன்று கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். லண்டன் பேருந்து நிறுத்தங்களில், அடுத்த வண்டி எப்போது என்று காட்டும் பலகைகளும் ஊமையாயின. அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நான்கு மணி 25 நிமிடம் படுத்துவிட்டது. இரண்டு இடத்திலும் இருந்தது எரிக்சன் நிறுவனத்தின் ஒரே நிரல். அதற்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் காலக்கெடு முடிந்திருந்தது.

ஓட்டுநர் உரிமம் போலத்தான் இந்தச் சான்றிதழும். 'நான் உண்மையான நிரல்தான், என்னை நம்பலாம்' என்று காட்டும் அட்டை. தேதி கடந்தால் நேற்றுவரை நம்பிய கருவி இன்று நம்பாது. இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கோளாறு படிப்படியாக வருவதில்லை. டிஸ்க் நிரம்பும்போது மஞ்சள் விளக்கு எரியும், மெதுவாவது தெரியும். சான்றிதழ் கடைசி நொடிவரை முழு ஆரோக்கியத்தோடு இருந்துவிட்டு, எல்லா சர்வரிலும் ஒரே நேரத்தில் சாகும். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று இரட்டையாக வைத்ததெல்லாம் வீண். இரண்டிலும் அதே தேதி. இதற்கு மருந்து, எந்தச் சான்றிதழ் எங்கே இருக்கிறது, எப்போது முடிகிறது என்று ஒரு பட்டியலும், அதை மாதந்தோறும் பார்க்கும் ஒருவரும். மளிகைக் கணக்கு நோட்டுக்கு மேல் இதில் எந்த வித்தையும் இல்லை.

மூன்றாவது கதை ஏதென்ஸில் நடந்தது. வழக்கமான நிர்வாகத்தில் மிகச் சலிப்பான பகுதியான லாக் கோப்புகளைப் பற்றியது அது. யார் எப்போது சர்வருக்குள் வந்தார், என்ன கட்டளை தந்தார் என்ற நாட்குறிப்புதான் லாக். 2005 ஜனவரியில் வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தில் சில குறுஞ்செய்திகள் போய்ச் சேரவில்லை. வழக்கமான புகார். இணைப்பகத்தைத் தயாரித்த எரிக்சன் அதைத் துருவியபோது, நிறுவனம் அறியாத ஒரு நிரல் உள்ளே ஒளிந்திருந்தது தெரிந்தது. பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட ஏறத்தாழ நூறு பேரின் அழைப்புகளை அது 2004 கோடையிலிருந்து வேறு போன்களுக்குப் பிரதி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. தன் பெயர் பட்டியலில் வராமலும், தன்னை இயக்கும் கட்டளைகள் லாக்கில் பதியாமலும் பார்த்துக்கொண்டது. அதைப் புதுப்பிக்க முயன்றபோது ஒட்டுக் கேட்டவர்கள் செய்த சிறு பிசகில்தான் குறுஞ்செய்திகள் தடுமாறின.

உள்ளே வந்தது யார் என்று தேடியபோது நாட்குறிப்பு இல்லை. அந்த நிர்வாக லாக்குகளை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கவில்லை. பில்லிங் தரவுக்கு இடம் வேண்டியிருந்தது. பிறகு சர்வர்களைப் புதுப்பித்தபோது இருந்ததும் அழிந்தது, பேக்கப்பும் எடுத்திருக்கவில்லை. ஒரு நாட்டின் பிரதமரை ஒட்டுக் கேட்ட வழக்கில் துப்பு அறுந்தது டிஸ்க் இடப் பங்கீட்டில். எந்தக் கோப்பை எத்தனை நாள் வைப்பது என்று ஒரு நிர்வாகி தட்டச்சு செய்யும் அந்த ஓர் எண்ணை, நான் இந்தக் கதையைப் படித்த பிறகு வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் கோபுரங்களின் எண்ணிக்கை வரும், 5ஜி வேகம் வரும். பட்டியலைப் பார்ப்பவரும், பழைய காகிதத்தைக் கிழித்துப் போடுபவரும் வருவதில்லை. ஆள் குறைக்கும்போது முதலில் கண்ணில் படுவதும் இவர்கள்தான்: 'எதுவும் நடக்கவில்லையே, இத்தனை பேர் எதற்கு?' எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அவர்கள் செய்யும் வேலை. 'இன்று இரவு வேண்டாம், காகிதம் சரியில்லை' என்று சொல்லி வேலையை நிறுத்தும் அதிகாரம், அங்கே உட்கார்ந்திருக்கும் மிக இளையவருக்கும் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுக்கும்படி ஆகக் கூடாது.

மணி நாலே கால் ஆகியிருக்கும். புது நிரல் ஏறிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு சர்வர் இன்னும் பூட்டியே இருக்கிறது. பொறியாளரின் மேசையில் மூன்று சோதனை போன்கள். அவற்றின் அழைப்புகளுக்கு மட்டும் அந்த சர்வருக்கு வழி விட்டிருக்கிறது. முதல் போனிலிருந்து இரண்டாவதுக்கு அடிக்கிறார். மணி ஒலிக்கிறது; எடுத்து, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்த்து வைக்கிறார். மறுபடி அடிக்கிறார், இம்முறை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது விநாடி கழித்து மூன்றாவது போன் ஒலிக்கிறது. திருப்பும் வசதி வேலை செய்கிறது. பிறகு முதல் இரண்டு போன்களையும் மறுபடி பேச்சில் வைத்து, மூன்றாவதிலிருந்து அடித்துப் பார்க்கிறார். காதில் 'டுக் டுக்' என்று கால் வெயிட்டிங். பில் பதிவில் எல்லா அழைப்புகளும் சரியான நேரத்தோடு விழுந்திருக்கின்றன. காகிதத்தில் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டு வந்து, கடைசி வரியிலுள்ள கட்டளையைத் தட்டுகிறார். நிலை, 'திறந்திருக்கிறது' என்று மாறுகிறது. திரையில் பேசுவோர் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்றாகிறது, நான்காகிறது, பதினேழாகிறது. அந்த நேரத்தில் பேசுகிறவர்கள் பால் வண்டிக்காரர்கள், மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றியவர்கள், விமான நிலையத்துக்குக் கிளம்பியவர்கள், பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள்.